நாம் பேசிய ஸ்பானிஷ்

டேய், உன் போன் இன்று காலை என் கைக்கு வந்தது. திரையில் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. உங்கம்மாதான் கொண்டுவந்தார்கள்.

"இதுல இன்னா பாஷைன்னே புரியலடா நைனா. அவன் போட்டோ எங்க கீதுன்னு தெரியல. தமிழுக்கு மாத்திக் குடு."

அது ஸ்பானிஷ். மாற்றியவன் நான். பத்தாம் வகுப்பில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நீ கடைக்குப் போய்வந்த இரண்டு நிமிஷத்தில் போனையும் அதிலிருந்த துப்பாக்கி விளையாட்டையும் சேர்த்தே திருப்பிவிட்டேன். நீ கத்துவாய், சிரிக்கலாம் என்பது திட்டம். நீயோ, "நல்லாத்தான் கீது மச்சா. நீயும் மாத்திக்கோ" என்றாய்.

அகராதி ஏது நமக்கு? எவன் எப்போது கத்துகிறான் என்று பார்த்தே கற்றோம். அடிபட்டு விழுந்தவன் "அயூதாமே" என்பான். காப்பாற்று. கூட்டாளி "எஸ்பேரா" என்பான். இரு. நம் ஸ்பானிஷை வைத்து ஒரு இட்லி வாங்க முடியாது. மூன்று கைக்குண்டு வாங்கலாம். இங்கிலீஷ் சார் கேள்வி கேட்டால் நீ "நோ சே" என்பாய், தெரியாது என்று. "நோ சார்னு சொல்லுடா" என்று அவர் திருத்துவார்.

பிறகு அது போனை விட்டு வெளியே வந்தது. சாமை வயலில், பள்ளிக்கூட வாசலில், எங்கே தோன்றினாலும் ஒருவன் பொத்தென்று விழுந்து "அயூதாமே" என்பான். மற்றவன் ஓடிவந்து நெஞ்சில் கை வைத்து ஐந்து எண்ண வேண்டும். எண்ணினால் உயிர். சாகச் சாக நாம் எழுந்துகொண்டே இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். நீ நெல்லிக்காய் பறிக்கக் கீழே இறங்கினாய். புதருக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது: "அயூதாமே."

"எஸ்பேரா," என்றேன். ஆட்டத்தில் சாகாமல் மிஞ்சிய கடைசி மூன்று பேரில் நான் ஒருவன்.

மறுபடி கூப்பிட்டாய். குரல் மெலிந்திருந்தது. நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்து இறங்கி வந்தபோது உன் கால் வீங்கியிருந்தது. பக்கத்தில் நீ கல்லால் அடித்த கண்ணாடி விரியன். நீ முதலில் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் இருக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, பைக் பிடித்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

அடக்கம் முடிந்ததும் உங்கம்மா கேட்டார்கள்: "கடைசியா இன்னாடா சொன்னான்?"

"உங்களத்தான் கூப்ட்டான் அத்தை."

செத்து விழுந்து நடித்தே ஊரை ஏமாற்றியவனுக்கு அந்தப் பொய் சுலபமாக வந்தது. இன்று போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர்கள் சொன்னார்கள்: "என்னக் கூப்ட்டான்னு சொன்ன பாரு, அத நெனச்சித்தான்டா சோறு எறங்குது."

எனக்கு அதற்குமேல் முடியவில்லை. "அத்தை, அவன் என்னத்தான் கூப்ட்டான். காப்பாத்துன்னு. ரெண்டு வாட்டி."



"நீ இன்னா சொன்ன?"

"இருன்னு சொன்னேன்."

திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். என் கையிலிருந்து போனை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போட்டோ எங்கே இருக்கிறது என்று நான் இன்னும் காட்டவே இல்லை.

நாளைக்கு உன் வூட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பார்களா தெரியாது.

இப்போதெல்லாம் யார் எதற்குக் கத்தினாலும் ஓடிவிடுகிறேன். சின்னப் பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பலாமரத்தடியில் படுத்துக்கொண்டு "அண்ணா, காலு போச்சு" என்று அலறுவார்கள். போய் நின்றால், "ஏமாந்துட்டாரு டோய்" என்று எழுந்து ஓடுவார்கள். நேற்று மட்டும் மூன்று முறை. மூன்றாவது முறை, படுத்திருந்தவன் சிரிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்போதும் ஓடினேன்.