பலகையோடு கட்டியது

வெள்ளகோவில்,
கார்த்திகை 22, 1997.

பிரியமுள்ள தம்பி கிருபாசங்கருக்கு அக்கா பாப்பாயி எழுதுவது. நானும் மகள் பிரவீனாவும் சுகமாக இருக்கிறோம். பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கரூர் போகிறவர்களிடம் சொல்லி ஒரு கனத்த போர்வை வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் முந்தின வார வெள்ளிக்கிழமை வந்தது. பிரவீனா படிக்கக் கேட்டேன். பிறகு நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆம்புலன்ஸ் வண்டியில் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படித்து, பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை வாங்கிப் போனவன் நீ. இப்போது பிள்ளைகள் முன்னால் இங்கிலீஷ் தடுக்குகிறது, பின்வரிசையில் சிரிக்கிறார்கள் என்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. அடிபட்டவர்களை ரோட்டிலிருந்து எப்படித் தூக்கினார்கள் என்று வீடுவீடாக விசாரிக்கும் ஆராய்ச்சியைக் கொடுத்துவிட்டார்கள், எழவு விழுந்த வீட்டில் போய் எந்த வாயால் கேட்பேன், பொங்கலோடு விட்டுவிட்டு வந்து பழையபடி வண்டியில் ஏறிக்கொள்கிறேன் என்று முடித்திருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தறியில் கை ஓடவில்லை.

உன் மச்சான் போய் மாசியோடு இரண்டு வருசம் ஆகிறது. காங்கயம் ரோட்டில் லாரி தட்டி விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, உட்காரவைத்து, வாயில் சோடா ஊற்றி, வேன் சீட்டில் சாய்த்துக் கொண்டுபோனார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தது யாருக்குத் தெரியும்? கருமாதி முடிந்த மத்தியானம், என்ன செய்திருக்கவேண்டும் என்று உன்னைக் கேட்டேன். நீ தரையில் படுத்துக்கொண்டு என் கையாலேயே உன் தலையைப் பிடிக்கவைத்தாய். நான் தப்பாகப் பிடித்தபோதெல்லாம் மறுபடி செய்யச் சொன்னாய்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தறிக்குடோனில் கூரை அட்டை மாற்ற ஏறிய வேங்கடசாமி அண்ணன், அட்டை உடைந்து கீழே விழுந்துவிட்டார். நினைவு இருந்தது, கழுத்து வலிக்கிறது என்றார். வழக்கம்போல ஒருத்தர் சோடாவோடு ஓடி வந்தார், இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப்போனார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். யாரும் தூக்கவேண்டாம், குடோன் கதவைக் கழற்றி வாருங்கள் என்றேன். எப்படியோ கேட்டுக்கொண்டார்கள். அசங்காமல் கதவில் ஏற்றியதும், ஒருத்தரைத் தலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நானே கட்ட ஆரம்பித்தேன்.

உயிரோடு இருக்கிற ஒருத்தரை நீட்டிப் படுக்கவைத்து, நெற்றியையும் காலையும் பலகையோடு சேர்த்துக் கட்டினால் நம் பக்கம் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அதுவும் கட்டுகிறவள் தாலி அறுத்தவள். அவர் சம்சாரம் ரங்கநாயகி ஓடி வந்து பார்த்துவிட்டு என் முதுகில் அடித்தாள். "உசுரோட இருக்கற மனுசனப் பாடையில கட்டறயே, உன்ற ஊட்டுக்கு வந்தது என்ற ஊட்டுக்கும் வரோணுமா?" என்றாள்.

"வரக்கூடாதுன்னுதான் கட்டறேன் அம்மணி" என்றேன். முடிச்சிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

டெம்போவில் கதவோடு ஏற்றிக் காங்கயம் போனோம். அங்கிருந்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வந்தது உன்னுடைய பழைய வண்டிதான். டிரைவர் நசுருதீன் கட்டியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, சங்கர் லீவில் வந்திருக்கிறாரா என்று கேட்டார். நான்தான் கட்டினேன் என்றதும், முடிச்சு மட்டும் மாட்டுக்குப் போட்ட மாதிரி இருக்குதுங்க அக்கா என்று சிரித்தார். வேங்கடசாமி அண்ணனுக்குக் கழுத்தெலும்பில் விரிசலாம். கையும் காலும் நன்றாக அசைகிறது, நடந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை ரங்கநாயகி வந்தாள். கூட உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது, எனக்கும் அதைக் காட்டுங்க அக்கா என்று தரையில் படுத்துக்கொண்டாள். அவள் கூச்சக்காரி, கழுத்தைத் தொட்டதும் சிரித்துச் சிரித்துப் பாதி நேரம் போய்விட்டது. நாளைக்குத் தறிக்காரப் பெண்கள் இன்னும் சிலர் வருகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதே. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, எப்போது வருவார் என்று நசுருதீன் கேட்டார். வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். வண்டி போய்ச் சேருவதற்குள் தூக்கிக் கெடுத்துவிடுகிறார்கள் என்று நீதானே சலித்துக்கொள்வாய்? இனி நீ இருக்கவேண்டியது வண்டியில் இல்லை. இங்கிலீஷ் வராவிட்டால் அந்தப் பிள்ளைகள் முன்னால் தரையில் படுத்துக் காட்டு. ஐந்தாவது படித்த எனக்கே விளங்கியது.

எழவு வீட்டுக்கும் தைரியமாகப் போய்க் கேள். என்னிடம் வந்தவர்கள் எல்லாம் ஜாதகத்தைக் கேட்டார்கள், நேரத்தைக் கேட்டார்கள். அவரை எப்படித் தூக்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். முதல் வீடு நம் வீடாகவே இருக்கட்டும். அன்றைக்குச் சோடா ஊற்றியவர், வேன் ஓட்டியவர் எல்லோரையும் நானே கூட்டி வைக்கிறேன். அவர்களுக்கும் சொல்லி அழ ஆள் இல்லை.

பொங்கலுக்கு வா. மாற்றுத்துணிக்கு ஒரு பை போதும், பெட்டியை அங்கேயே வை. நம் ஊர்க் கோவில் வீரகுமாரசாமி உனக்குத் துணை நிற்பார்.

உன் மச்சான் பேரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. இன்றைக்கு எழுதுகிறேன். தம்பிதுரை. வகுப்பில் பாடம் நடத்தும்போது யாரோ ஒருத்தர் என்று சொல்லாதே சாமி, இந்தப் பேரைச் சொல்லு.

உன் அக்கா,
பாப்பாயி