நாலு மணி நேர மாத்திரையும் எட்டு மணி நேர மாத்திரையும்

1.7.85 திங்கள்

காலையிலேயே வெயில். குடைக்கம்பி ஒன்று உடைந்தது. பஸ் தாமதம். மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைந்தேன்.

வாசலில் அமுதாவின் தாய்மாமன் வேலு. சென்னையில் லேத் பட்டறை வேலை. போன மாதம் அமுதாவை அங்கே ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டியவர். கையில் டாக்டர் கடிதம், மூன்று பக்கம். ஒரு சிறு டப்பாவில் மாத்திரை.

அமுதா என் நாலாம் வகுப்பு. ஒன்பது வயது. ஓரிடத்தில் உட்காரமாட்டாள். எழுத ஆரம்பித்ததை முடிக்கமாட்டாள். ஜூனில் இரண்டு முறை வகுப்பிலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினாள். இரண்டாம் முறை உத்திரமேரூர் பஸ் அவளுக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றது. இன்னொரு தடவை ஓடினால் பெயரை எடுத்துவிடுவேன் என்று ஹெச்.எம். அன்றே சொல்லிவிட்டார்.

டாக்டர் எழுதியதன் சுருக்கம்: கவனக் குறைபாடு. கொழுப்பும் இல்லை, மந்தமும் இல்லை. மருந்து ஒன்றே, மாத்திரை இரண்டு விதம். சின்னது சீக்கிரம் கரையும், நாலு மணி நேரம் நிற்கும். காலையில் ஒன்று வீட்டில், மத்தியானம் ஒன்று பள்ளியில். பெரியது வெளிநாட்டிலிருந்து வந்தது, மெல்லக் கரையும், எட்டு மணி நேரம். காலையில் ஒன்றே போதும். முதல் வாரம் சின்னது, இரண்டாம் வாரம் பெரியது. எது ஒத்துவருகிறது என்று நான் பார்த்து எழுத வேண்டும்.

தினமும் 0 முதல் 3 வரை மதிப்பெண்:
இடத்தில் உட்காருதல்
கொடுத்ததை முடித்தல்
பக்கத்துப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்தல்
மத்தியானச் சாப்பாடு

அபிப்பிராயம் வேண்டாம், கண்ணால் பார்த்தது மட்டும் போதும் என்று அடிக்கோடு. அந்தத் தாள் தனி. இந்த நோட்டு எனக்கு.

தூக்க மருந்தா என்று ஹெச்.எம். கேட்டார். இல்லை, விழிப்பு தரும் மருந்தாம். அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

2.7.85 செவ்வாய்

சின்ன மாத்திரை, முதல் நாள். 9.30 முதல் 11.30 வரை உட்கார்ந்தாள். கழித்தல் கணக்கு ஐந்தில் நாலு முடித்தாள். நான் பலகையைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12 மணிக்கு மருந்து தீர்ந்தது, கண்கூடாகத் தெரிந்தது. கால் ஆட ஆரம்பித்தது. மணி அடித்ததும் முதல் ஆளாக சத்துணவு வரிசைக்கு ஓட்டம். இரண்டு முறை சோறு வாங்கினாள். 12.45க்கு இரண்டாம் மாத்திரை கொடுத்தேன்.

மண்ணெண்ணெய் இன்று இல்லையாம்.

3.7.85 புதன்

கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வருகிறார் என்று ரிஜிஸ்தர் எல்லாம் எழுதினோம். வரவில்லை. அந்த வேலையில் மாத்திரையை மறந்தேன். மூன்று மணிக்கு ஞாபகம் வந்து அப்போது கொடுத்தேன்.

4.7.85 வியாழன்

அமுதாவின் அம்மா கன்னியம்மா களை எடுக்கப் போகும் வழியில் வந்தாள். "ராத்திரி பூரா கண்ணே மூடல டீச்சர். கூரையைப் பாத்துக்கினே படுத்துனு கீது" என்றாள். மருந்து புதிது, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்றைய மாத்திரைக்குத் தாளில் 12.45 என்று எழுதியிருந்தேன். பிறகு அடித்து 3.00 என்று எழுதினேன். கன்னியம்மாவிடம் சொல்லவில்லை.

5.7.85 வெள்ளி

சின்ன மாத்திரை வாரம் முடிந்தது. முற்பகல் 2, 3. 12 முதல் 12.45 வரை 0. பிற்பகல் 2. சாப்பாடு 3. மோசமில்லை. அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் தலைவலி.

8.7.85 திங்கள்

பெரிய மாத்திரை தொடக்கம். காலை முழுதும் அசையவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், பதில் இல்லை. உதட்டுத் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். கையைப் பிடித்தேன், நாடி வேகம். சோறு வாங்கி அப்படியே வைத்துவிட்டாள். ஒன்றரைக்கு மேல் அழுகை, காரணமில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்த ஹெச்.எம்.முக்கு சந்தோஷம். "இப்பதான் டீச்சர், பொண்ணு மாதிரி கீது" என்றார்.

10.7.85 புதன்

அதேதான். உட்காருதல் 3. சாப்பாடு 0. தாளில் இடம் இல்லாத விஷயம்: மூன்று நாளாக அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு முப்பது.

எட்டு மணி நேரம் நிற்கும் என்றார்கள். மதியமே போய்விடுகிறது. வெளிநாட்டு மாத்திரை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

11.7.85 வியாழன்

2.20க்கு ஓடினாள். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன், திரும்பும்போது இடம் காலி. ரோட்டில் வைக்கோல் லாரி. டிரைவர் வண்டியை ஓரம் ஒடித்து நிறுத்தினார். அமுதா நடு ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் தூக்கி வந்தேன். கனமே இல்லை.

ஹெச்.எம். ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை பெயர் எடுக்கப்படும். வீட்டில் நானே சொல்ல வேண்டும்.

12.7.85 வெள்ளி

முதல் பஸ்ஸில் அமுதா வீட்டுக்குப் போனேன். ஏழரை மணி. கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து கரண்டிக் காம்பால் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய மாத்திரை.

"முழுங்க மாட்டேங்குது டீச்சர். தொண்டையில மாட்டிக்கினா வாந்தி எடுத்துடுது. அதான் பொடி பண்ணி வெல்லத்துல கொழச்சிக் குடுக்கறேன். இன்னா, தப்பா?"

டாக்டர் கடிதம், மூன்றாம் பக்கம், கடைசி வரி: பெரிய மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். படித்தேன். சொல்ல மறந்தேன். கன்னியம்மாவுக்கு எழுத்து தெரியாது என்று எனக்குத் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு உண்டானது முழுவதும் காலையில் ஒரேயடியாக உள்ளே போயிருக்கிறது. நாலு நாள்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். போன வாரம் புதன்கிழமை மாத்திரை தாமதமானதையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "இப்ப இன்னா பண்ணணும், அதைச் சொல்லு" என்றாள். இதுவரை என்னை ஒருமையில் பேசியதில்லை.

இன்று மாத்திரை வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

ஹெச்.எம்.மிடமும் சொன்னேன். பேனாவை மூடினார், திறந்தார். ஒரு வாரம் கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். என்ன நடந்தாலும் பொறுப்பு நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

14.7.85 ஞாயிறு

அமுதா வீட்டில் விழுங்கப் பழக்கினேன். முதலில் சோற்றுப் பருக்கை. பிறகு உடைத்த பொரி. பிறகு முழுப் பொரி, தண்ணீரோடு. பதினொன்றாவது தடவை போயிற்று. அதற்கு மேல் அவளுக்கு அது விளையாட்டு. கிண்ணத்துப் பொரி முழுவதையும் ஒவ்வொன்றாக விழுங்குகிறேன் என்றாள். கன்னியம்மா கிண்ணத்தைப் பிடுங்கினாள். எனக்கு மோர் கொடுத்தாள். மறுபடியும் "நீங்க".

15.7.85 திங்கள்

பெரிய மாத்திரை, முழுதாக. என் கண் முன்னாலேயே விழுங்கினாள்.

வேறு மருந்து போல இருந்தது. மெல்ல ஏறியது, பத்து மணிக்கு நிதானம், மூன்று வரை. பேசுகிறாள். சாப்பாடு பாதி. என் குடை ஏன் ஒரு பக்கம் தொங்குகிறது என்று கேட்டாள்.

18.7.85 வியாழன்

காற்று, மண், கண் எரிச்சல். கரும்பலகைத் துடைப்பான் பறந்து போயிற்று.

நாலு நாள் ஒரே மாதிரி. உட்காருதல் 2, முடித்தல் 3. நடுவில் இறங்குமுகம் இல்லை. சாப்பாடு 1, 1, 2, 1. சிலேட்டுப் பலகையை ஒருத்தி தலையில் போட்டாள், அது நேற்று. ஓடவில்லை. ஹெச்.எம். ரிஜிஸ்தரைப் பற்றிப் பேசுவதில்லை.

மதிப்பெண்படி பெரியதுதான் மேல். சந்தேகம் இல்லை.

20.7.85 சனி

நாளை வேலு தாளை எடுத்துப் போகிறார். கூட்டிப் பார்த்தேன், பெரியது முன்னால். பொடி பண்ணிய வாரத்தைத் தனியாகப் பிரித்து, காரணமும் எழுதினேன்.

அமுதாவை ஒரு தடவையும் கேட்கவில்லை என்று தோன்றியது. போய்க் கேட்டேன். எது நல்லாயிருக்கு? யோசிக்காமல் சொன்னாள்.

"சின்னது."

ஏன் என்றேன்.

"பெரிசு போட்டா நாளு பூரா டீச்சருக்காக கீறேன். சின்னது போட்டா சோத்து மணிக்கு அது பூடும். அப்ப பசிக்கும். வெளாடுவேன். அப்ப நான் நானா கீறேன்."

நான் 0 போட்ட முக்கால் மணி நேரம்.

தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பின்பக்கம் எழுதினேன், அவள் சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல்.

26.7.85 வெள்ளி

வேலு வந்தார். டாக்டர் பதில், அரைப் பக்கம். சின்ன மாத்திரையே தொடரட்டும். இரண்டாம் மாத்திரை நேரம் தவறக்கூடாது. மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதவும். மீதிப் பெரிய மாத்திரையைத் திருப்பி அனுப்பவும். பின்பக்கத்துக்கு நன்றி என்று ஒரு வரி.

ஹெச்.எம்.மிடம் காட்டினேன். மத்தியானம் அவள் ஓடினால் யார் பார்ப்பது என்றார். நான் என்றேன். அந்த முக்கால் மணி நேரமும் வெளியிலேயே இருப்பேன், சாப்பாடு பிறகு. "உங்க இஷ்டம்" என்றார்.

29.7.85 திங்கள்

தூறல். மண்ணெண்ணெய் கிடைத்தது.

12.15 மணி அடித்தது. அமுதா சோறு இரண்டு முறை. பிறகு பாண்டி ஆட்டம், அவள் வைத்ததே சட்டம், மற்ற பிள்ளைகளோடு சண்டை, தொண்டை கிழியச் சத்தம். ஒரு முறை கேட் வரை ஓடினாள். நான் கேட்டில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள், சிரித்தாள், திரும்பி ஓடினாள்.

12.40க்கு மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டேன். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கூப்பிடவில்லை.