வாடகைப் பெரியப்பா

மார்ச் 4, திங்கள்

வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இன்று காலை ஒரு மாணவனை முகத்துக்கு நேராக எட்டு முறை ஏமாற்றினேன். அதைவிட வெட்கம், அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் பெருக்கித் துடைக்கிற பல்கலைக்கழக மாடியில் மனிதர்கள் கூட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாடம் நடத்துகிறார்கள். டாக்டர் அகெல்லோதான் ஆசிரியை. மேசையில் இரண்டு கிண்ணம் நிலக்கடலை. எதில் அதிகம் என்று எட்ட நின்று பார்த்தாலே தெரியும். ஆறு பேர் வரிசையாகக் குறைவான கிண்ணத்தைக் காட்டி "இதில்தான் அதிகம்" என்று சொல்ல வேண்டும். ஏழாவதாக உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் இது நாடகம் என்று தெரியாது. ஆறு பேரில் நான் ஒருத்தி. மற்ற ஐந்து பேரும் படித்தவர்கள், சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். நான் பாதிரியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த நெட்டைப் பிள்ளை மூன்று சுற்று உண்மையைச் சொன்னான். நாலாவதில் எங்களைப் பார்த்தான், கடலையைப் பார்த்தான், "அதுதான் அதிகம்" என்றான். குரல் பாதிதான் வெளியே வந்தது.

முடிந்ததும் டாக்டரம்மா எல்லாவற்றையும் அவனிடம் உடைத்துச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார். ஏமாற்றப்பட்டவரை உண்மை சொல்லாமல் வாசலைத் தாண்ட விடக் கூடாது, அது அவர்கள் சட்டமாம். இந்த நோட்டும் அவர் கொடுத்ததுதான். ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் மனசில் பட்டதை எழுத வேண்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள் என்றேன். பிழை இருந்தால் பரவாயில்லை என்றார். நோட்டு பெரிது. மீதிப் பக்கத்தில் என் வீட்டுக் கதையை எழுதினால் யார் கேட்பது?

மார்ச் 6

எனக்கு இதில் இயல்பான திறமை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அண்ணனிடம் சொன்னேன். அவன் நாற்பது வருஷமாக அதையேதான் சொல்கிறானாம், வேறு வார்த்தையில்.

மார்ச் 9, சனி

முட்யாபா வந்தான். அண்ணன் மகள் புரொஸ்கோவியாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். வாண்டெகேயாவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாப்பிள்ளை முதலில் அத்தையிடம்தான் வர வேண்டும். பெண் வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகம் செய்கிற க்வான்ஜுலா நாளில், இரண்டு வீட்டு ஜனமும் பார்க்க, அத்தைதான் எழுந்து "இவனை அறிவேன், இவன் ஆட்களையும் அறிவேன்" என்று சொல்லி அவனை உள்ளே அழைக்க வேண்டும். பிறகு அவன் எது செய்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். நல்லது செய்தால் மட்டும் பெயர் அவனுக்கு. ஏப்ரல் 13 என்று முடிவாகி, பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது.

பையன் நல்லவன் மாதிரித்தான் இருக்கிறான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சிரித்தால் சிரிக்கிறான். நான் கப்பை இடது கைக்கு மாற்றினேன், அவனும் மாற்றினான். வேண்டுமென்றே காதைச் சொறிந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் கையும் காதுக்குப் போகிறது.

"மூணாவது தடவையா வாழைக்காய் மட்டோகே வாங்கிச் சாப்பிடறியே, வீட்ல ஆக்கிப் போட ஆளில்லையா?" என்றேன்.

"யாருமில்ல அத்தை," என்றவன், தட்டைப் பார்த்துக்கொண்டே, "பெரியப்பா இருக்கார். அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன்" என்றான்.

யாருமில்லையா, பெரியப்பா இருக்கிறாரா?

மார்ச் 11

காது சொறிந்ததை டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒருவரை நமக்குப் பிடித்துப்போனால் நம் உடம்பு தானாகவே அவரைப் போல நடந்துகொள்ளுமாம். நம்ப முடியவில்லை. குனிந்து பார்த்தால் என் கை இடுப்பில் இருக்கிறது, அவர் கை இருந்த மாதிரியே. எடுத்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

வகுப்புக்கு வெளியே துடைத்துக்கொண்டே கேட்டது: அடுத்தவர் தாமதமாக வந்தால் சோம்பேறி என்கிறோமாம், நாம் தாமதமாக வந்தால் மழை, சகதி, வண்டி என்கிறோமாம். இன்று நான் தாமதம். மழை. என்னோடு வேலை செய்கிற நன்யோங்காவும் தாமதம். அவள் சோம்பேறி. இருவரும் ஒரே வண்டியில்தான் வந்தோம்.

மார்ச் 16, சனி

பெரியப்பா வந்தார். நரைத்த தலை, வெள்ளை அங்கி, மேலே கோட்டு, கையில் தடி. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்: "உங்க தோட்டத்துல ஒரு வாழைக்கன்னு பார்த்தோம், கொண்டுபோய் நட ஆசைப்படறோம்…" சொல்லி முடித்துத் தடியால் தரையில் இரண்டு தட்டு.

அந்தத் தட்டு. ஐயோ, இந்த ஆளை எனக்குத் தெரியுமே! டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் க்வான்ஜுலாவுக்கு மாப்பிள்ளையின் அப்பாவாக வந்தவர் இவர். அதே வாழைக்கன்று. அதே இரண்டு தட்டு. அன்று அழவும் செய்தார்.

வாடகை ஆள். ஊரில் நடக்காதது இல்லை. சொந்தத்தில் கோட்டுப் போட்டவர் குறைவு என்றால் பின்வரிசைக்கு நாலு பேரைப் பிடித்து வருவார்கள். ஆனால் பெரியப்பாவையே வாடகைக்கு எடுப்பார்களா? சொந்தப் பெரியப்பா எங்கே? ஜெயிலிலா? இவனுக்கு வேறு இடத்தில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாளா? அந்த வீட்டுக்கும் ஒரு பெரியப்பா போனாரா?

நான் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னேன்: "இவ்வளவு பாசமான பெரியப்பா எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்க."

"கேட்டா கிடைப்பாங்கம்மா," என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

அவன் சொந்தக்காரர் யாரையாவது பார்த்திருக்கிறாயா என்று புரொஸ்கோவியாவைக் கேட்டேன். பெரியப்பாவைத் தவிர யாருமில்லை என்றாள். சந்தேகம் வரவில்லையா என்றேன்.

"உங்களுக்குத்தான் அத்தை, அந்த வேலைக்குப் போனதுலேர்ந்து எல்லாரும் நடிக்கற மாதிரி தெரியுது. காலைல கோயில்ல ஃபாதரையே அப்படித்தான் பார்த்தீங்க."

பார்த்தேன்தான். எனக்கு அவர் மேலும் திருப்தி இல்லை.

மார்ச் 20

இந்த வாரம் கிடைத்தவை. போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். செருப்பு புதுசு. தெரியாத பாட்டுக்கும் உதட்டை அசைக்கிறான்.

ஒருவன் கெட்டவன் என்று முடிவு செய்த பிறகு அதற்குத் தோதானதை மட்டும்தான் பொறுக்குவோம் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் பொறுக்கவில்லை. தானாகக் கிடைக்கிறது.

மார்ச் 23, சனி

நானே ஒரு நாடகம் போட்டேன். முட்யாபா கடை முன்னால் நன்யோங்கா தக்காளிக் கூடையோடு விழ வேண்டும். எதிர்ப்பக்கத் துணிக்கடையில் தொங்குகிற உடுப்புகளுக்கு நடுவில் நான் ஒளிந்திருந்தேன்.

நன்றாகவே விழுந்தாள். தக்காளி சாலை வரை உருண்டது. அங்கே வாடகை பைக் ஓட்டுகிறவர்கள் ஆறு பேர், முட்யாபா ஏழாவது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவனும் அவர்களைப் பார்த்தான். பிறகு கடைக்குள் போய்விட்டான். உள்ளே! ஒரு பொம்பளை விழுந்து கிடக்கா, இவன் உள்ளே போறான்!

அதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு? ஓடிப்போய் நன்யோங்காவை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "உன் மருமகனைப் பார்க்க என் முட்டியா கிடைச்சுது" என்று வழியெல்லாம் திட்டினாள். கல் மனசுக்காரன். சம்பந்தத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

மார்ச் 25, திங்கள்

டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏழு பேர் நிற்கிற இடத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவர் போவார் என்றுதான் நிற்பார்களாம். தனியாக இருந்தால் அதே ஆள் ஓடிப்போய்த் தூக்குவாராம்.

"நீங்க பார்த்தது அந்தப் பையனையா நபோஸாம்மா, அந்தக் கூட்டத்தையா?"

அடுத்து, "முடிஞ்சதும் அவன்கிட்ட உண்மையைச் சொன்னீங்களா?" என்றார்.

ஏற்கெனவே துடைத்த கரும்பலகையை இன்னொரு முறை துடைத்தேன்.

மார்ச் 26

போனேன். சொன்னேன். துணிக்கடையில் ஒளிந்ததையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. ரிப்பேருக்கு வந்த ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினான். தக்காளி.

"மருந்தும் துணியும் எடுக்க உள்ள போனேன் அத்தை. வெளியில வந்தா அந்தம்மா இல்ல. திரும்பி வருவாங்கன்னு பொறுக்கி வெச்சிருக்கேன்."

பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன். ஒரு தக்காளியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். ஆறு வயதில் அப்பா இறந்தாராம். அப்பாவுக்கு வேறு வீடு, வேறு குடும்பம். அம்மா இவனை அப்பாவின் ஊரான மஸாகாவுக்கு, அடக்கத்துக்கு, கூட்டிப்போயிருக்கிறாள். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்கள். இப்போது அம்மாவும் இல்லை. அப்பாவின் பெயரும் குலமும் மட்டும் இருக்கிறது, அந்த வீட்டு வாசல் இல்லை.

"ஆளில்லாதவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா? அதான் வாடகைக்குப் பிடிச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. உடனே, இதுவும் நடிப்பாக இருந்தால்? தக்காளியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மார்ச் 28

அவனையே புரொஸ்கோவியாவிடம் சொல்ல வைத்தேன். இரண்டு நாளாக அவள் அவனோடு பேசவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் நான் சொன்னேன். அவன் பெண்ணைப் பெற்றவன், கத்தத்தான் செய்வான்.

"அவங்க ரத்தத்துல ஒருத்தன் வந்து 'இவன் எங்க பையன்'னு சொல்லட்டும். இல்லைன்னா பந்தல்காரனுக்குப் போன் போடு."

ஏப்ரல் 6, சனி

முட்யாபாவின் அப்பா பெயரையும் குலத்தையும் சொல்லி விசாரித்துக்கொண்டு மஸாகா போனேன். நிஜப் பெரியப்பாவின் பெயர் செகிட்டோ. பலாத் தோட்டக்காரர். முட்யாபாவின் காது அப்படியே அவரிடம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும், அப்படி ஒரு பையன் எங்கள் வீட்டில் இல்லை என்றார்.

வகுப்பில் கேட்ட வித்தை ஒன்று இருந்தது. முதலில் சின்னதாகக் கேள், கொடுத்தவர் அடுத்ததையும் கொடுப்பார். தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். உட்கார இடம் கேட்டேன். கொடுத்தார். என் பையைக் கட்டும்வரை முட்யாபாவின் இந்தப் போட்டோவைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றேன். பிடித்தார். பிடித்தவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். நான் கட்டின பையையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு வாசல்ல அண்ணன் தம்பிங்க ஏழு பேர் நின்னோம்," என்றார், போட்டோவைப் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணு புள்ளையோட மழையில நிக்கிறா. மூத்தவர் கூப்பிடுவார்னு நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார் போல. ஒருத்தரும் கூப்பிடல."

இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஒருத்தன்தான்."

கேலி ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன். வந்து உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்றேன். பார்க்கலாம் என்றார்.

கிளம்பும்போது, ஒரு பலாப்பழத்தைச் சும்மா தூக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வீட்டுக்கு இரண்டோடு வந்து சேர்ந்திருக்கிறேன். இந்த வித்தையை இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஏப்ரல் 10

மஸாகாவிலிருந்து தகவல் இல்லை. வாடகைப் பெரியப்பாவிடம் இனி வேண்டாம் என்று சொன்னேன். சாப்பாடு மட்டும் உண்டா என்றார். உண்டு என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பந்தல் போட்டாச்சு. செகிட்டோ போனை எடுக்கவே இல்ல. "பார்க்கலாம்"னு சொன்னவன் எவன் வந்தான்? நாளைக்கு எந்திரிச்சு நான் என்னத்தைச் சொல்றது?

ஏப்ரல் 13, சனி

முட்யாபாவின் சிநேகிதர்களோடு மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் பத்து மணிக்கு வந்தன. கடைசி வண்டியிலிருந்து செகிட்டோ இறங்கினார். கோட்டுக்குள் ஒரு சேவல், தலை மட்டும் வெளியே. பெண்ணின் தம்பிக்கு மாப்பிள்ளை உயிர்ச் சேவல் கொடுத்தால்தான் சடங்கு முடிந்ததாகக் கணக்கு. கடையில் வாங்காமல் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். போனை ஏன் எடுக்கவில்லை என்றேன். சார்ஜ் இல்லை என்றார். நான் நம்பவில்லை.

பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எழுந்து பேசினார். "இவன் என் தம்பி மகன். உள்ள கூப்பிட எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிடுச்சு." அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாரை மடக்க எங்கள் தரப்புப் பேச்சாளர் ஒரு கட்டுக் கேள்வி வைத்திருந்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் குடித்தார். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். நான் எழுந்து, இவனை அறிவேன், இவன் ஆட்களையும் அறிவேன் என்றேன். புரொஸ்கோவியா அழுதாள். கடைசி வரிசையில் வாடகைப் பெரியப்பாவும் அழுதார், அவருடையது எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

பேச எழுந்தபோது செகிட்டோ சேவலை அருகில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவள் சமையல் பக்கத்து ஆள். சேவலைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தபோது அது மூடின தட்டில், நிலக்கடலைக் குழம்போடு வந்தது. முட்யாபா அதை இரண்டு கையாலும் கொடுத்தான். புரொஸ்கோவியாவின் தம்பி இரண்டு கையாலும் வாங்கி, ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைவு என்றான்.