மாத்திரையை டிராயரில் வைத்த மகாராணிக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தையல் மிஷின் மூவரும் சௌக்கியம், மிஷின் மட்டும் அவ்வப்போது நூலை அறுக்கிறது. நீ சௌக்கியம் என்று நீயே பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாய், எனக்குக் கவலையே அதனால்தான்.

கவுன்சிலிங் அருமையாகப் போகிறதாம், மனசு பிடிபட்டுவிட்டதாம், மாத்திரை போட்டால் வரைகிற படத்தில் நிறம் செத்துப்போகிறதாம், அதனால் அட்டையை டிராயரில் போட்டு மூடிவிட்டாயாம், திங்கட்கிழமை வேலையையும் விடப்போகிறாயாம். அடடா, இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை உன் டாக்டரிடம் மட்டும் ஏனம்மா சொல்லவில்லை, பொறாமைப்படுவாரென்றா? இதற்கு உன் பெரிய மாமா வேறு பின்பாட்டு. "மாப்ளே, மனசு திடமா இருந்தா மாத்திரை எதுக்கு, பிள்ளை சரியாத்தான் செஞ்சிருக்கு" என்று போனில் எனக்கே பாடம் எடுக்கிறார். சர்க்கரைக்கு வாய் நிறைய மாத்திரை போடுகிற மனுஷன். முதலில் அவர் தன் சர்க்கரையிடம் திடமாகப் பேசி இறக்கிக் காட்டட்டும், பிறகு நம் வியாதிக்கு வைத்தியம் சொல்லலாம்.

இந்தப் புத்திசாலித்தனத்துக்கு நம் வீட்டில் நான்தான் முன்னோடி, உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. "நல்லா முன்னேறியிருக்கீங்க" என்று கவுன்சிலிங் அம்மா ஒரு வார்த்தை சொன்னதைப் பட்டமளிப்பாக எடுத்துக்கொண்டு நானும் மாத்திரையை நிறுத்தினேன். தூக்கம் போனது, ஞானம் வந்தது. கடையில் இருந்த பேண்ட் அத்தனைக்கும் முழங்காலில் பாக்கெட் வைத்தேன், உட்கார்ந்தபடியே சாவி எடுக்கலாமாம். தைக்கக் கொடுத்திருந்த பேங்க் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "யோவ், நான் பேங்குக்குப் போறதா, புதையல் தோண்டப் போறதா?" என்றார். அவருக்கு மனசு விரியவில்லை என்று நான் அவருக்கே கவுன்சிலிங் கொடுத்தேன். இப்போது எதிர்க் கடையில் தைத்துக்கொள்கிறார். கடைசியில் அந்தக் கவுன்சிலிங் அம்மாதான் சொன்னார், "ஐயா, நான் பேசறது உள்ள போகணும்னா நீங்க முதல்ல தூங்கணும், மாத்திரை அதுக்குத்தான்" என்று.

அதற்காக மாத்திரை மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். வெறும் மாத்திரையோடு இருந்த காலத்தில் மடித்து வைத்த சட்டை மாதிரி மூலையில் கிடந்தேன், யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன். பேச்சு வேகமெடுத்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து வரச் சொல்லிக் கொடுத்தது அந்த அம்மாதான், அதை எந்த மாத்திரையும் சொல்லித் தரவில்லை. மாத்திரையால் கை நடுங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் டாக்டரிடம் போய் நின்றேன், "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று திட்டிவிட்டு, ரத்தம் சோதித்து, அளவைக் குறைத்தார். உன் நிறம் செத்ததையும் இப்படித்தான் போய்ச் சொல்ல வேண்டும், டிராயரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

உன் கடிதத்தைச் சிரித்துச் சிரித்துத்தான் படித்தேன். மூன்று புத்தகம், ஒரு கண்காட்சி, சொந்தமாக அச்சகம், அந்தத் திட்டமெல்லாம் சரி. பத்துப் பக்கத்தில் எங்கேயும் தூங்கினேன் என்று மட்டும் இல்லை. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். தூக்கமில்லாத அந்த ஓட்டம் எப்படி ஓடும், எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று எனக்குத் தெரியுமடி. வேலையை விடுவதானால் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு விடு, வேலை எங்கேயும் ஓடிவிடாது. அம்மா டிக்கெட் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள், அவள் அங்கே வந்து இறங்கினால் உன் கவுன்சிலருக்கும் சேர்த்து மாத்திரை எழுத வேண்டியிருக்கும்.

தீர்க்காயுசாக, நிறம் குறையாமல் இரு, கண்ணு. ஞாபகம் வைத்துக்கொள், திங்கட்கிழமைக்கு முன்னால் டாக்டர். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒப்பிக்க வேண்டாம். வெளியே வந்ததும் போன் செய்து "போய்ட்டு வந்துட்டேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல், அதுவரை நான் கத்தரிக்கோலைத் தொடப்போவதில்லை.

இப்படிக்கு,
தன் மூக்கோடு இந்த வியாதியையும் உனக்குச் சீதனமாகக் கொடுத்த
அப்பா