அறுபது சென்டிமீட்டர் நூல்

கடற்கரைத் தெரு,
12.2.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி இன்னாசி எழுதுவது. நான் போனில் கூப்பிட்டால் நீ வகுப்பில் இருக்கிறாய். நீ கூப்பிட்டால் நான் கடலில் இருக்கிறேன். கடிதமே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். புஷ்பமேரியும் நானும் சுகம்.

நீ செய்து அனுப்பிய தூர அட்டை வந்து சேர்ந்தது. நூலின் முடிச்சைப் பல்லில் கடித்து, நூல் விறைக்கும்வரை அட்டையை நீட்டிப் பிடிக்கிறேன். லைட்ஹவுஸின் அடியும் உச்சியும் எந்தக் கோட்டின் நீளத்துக்குள் அடங்குகின்றனவோ, அந்தக் கோட்டருகே நீ எழுதிய எண்தான் தூரம். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்டால் ஜி.பி.எஸ். பெட்டி செத்துவிடும், இது சாகாது. மாமனார் தன் போட்டை என்னிடம் கொடுத்து இரண்டு வருடம் ஆகியும் இங்கே எனக்கு 'வெங்காயக்காரன்' என்றுதான் பெயர். கரையைப் பார்த்ததும் தூரம் சொல்கிற கண் திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு எங்கிருந்து வரும்?

ஒரு சந்தேகம். அட்டை இரண்டு கிலோமீட்டர் காட்டிய இடத்தில், புஷ்பமேரியின் தம்பி வியான்னி, "இல்ல அத்தான், ஒண்ணுதான் இருக்கும்" என்கிறான். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் கடலிலேயே வளர்ந்தவன். யாரை நம்ப?

அம்மாவுக்கு முத்தம்.

உன் தம்பி,
இன்னாசி

&nbsp;

திண்டுக்கல்,
20.2.2023

அன்புத் தம்பி இன்னாசிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். 'வெங்காயக்காரன்' என்றதும் சிரித்துவிட்டு, பிறகு முகம் சுண்டிப்போனாள். முட்டுவலி அப்படியே இருக்கிறது. உனக்குச் சிறுமலைப் பழம் அனுப்பச் சொன்னாள். பஸ்ஸிலேயே கனிந்து கூழாகிவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

அட்டை விஷயம். பள்ளித் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்து மூன்று நாள் சோதித்தேன். டேப் பிடித்து அளந்தும் பார்த்தேன். ஒரு முழம்கூடப் பிசகவில்லை. நூலின் நீளம் சரியாக அறுபது சென்டிமீட்டர். உங்கள் லைட்ஹவுஸின் உயரத்தை லைட்ஹவுஸ்களின் அரசாங்கப் பட்டியலில் பார்த்தே போட்டேன். கண் பழக்கத்தில் பேசும், கணக்கு அப்படிப் பேசாது என்று வியான்னியிடம் சொல். நீ அட்டையை நம்பு. இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிற அண்ணன் சொல்கிறேன்.

புஷ்பமேரியைக் கேட்டதாகச் சொல். கருவாடு அனுப்பினால் அம்மா வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

அன்புடன்,
பிராங்க்ளின்

&nbsp;

கடற்கரைத் தெரு,
12.11.2023

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. நீ மட்டும் படி.

போன திங்கட்கிழமை போட் பாரில் மோதிவிட்டது. தண்ணீருக்கடியில் இருக்கிற பாறைத் திட்டைத்தான் இங்கே பார் என்பார்கள். லைட்ஹவுஸிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டரிலேயே வடக்கே திரும்பிவிட வேண்டும்.

மாலை நான்கு மணி இருக்கும். மழை. ஜி.பி.எஸ். காலையிலேயே நின்றுவிட்டது. மற்ற நாளில் திரும்புவதற்கு அடையாளம் பார்க்கிற கோவில் கோபுரமோ தென்னையோ ஒன்றும் தெரியவில்லை. மணல்மேட்டின் மேல் லைட்ஹவுஸ் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அட்டையைப் பிடித்தேன். இரண்டு என்று காட்டியது. இன்னும் அரைக் கிலோமீட்டர் போகலாம் என்று இன்ஜினைக் குறைக்காமல் விட்டேன். "அத்தான், தண்ணி நிறம் மாறுது, திருப்புங்க" என்று வியான்னி கத்தினான். "செத்த நேரம் பொறுடா" என்றேன். அடுத்த நிமிடம் மோதியது.

போட்டுக்கும் பாறைக்கும் நடுவில் அவன் இடது கால் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வயது இருபத்தெட்டு.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்ஜின் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மலைப்பக்கத்தானிடம் போட்டைக் கொடுத்தது தப்பு என்று ஊரே பேசுகிறது. புஷ்பமேரி என்னோடு பேசுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

முடிச்சைச் சரியாகக் கடிக்கவில்லையோ, கோட்டைத் தப்பாகப் பார்த்தேனோ என்று தூங்காமல் யோசிக்கிறேன். எங்கே தப்பு வந்திருக்கும்? உனக்குத்தான் தெரியும். ஒரு தடவை கணக்கைப் பார்த்துச் சொல்.

இன்னாசி

&nbsp;

திண்டுக்கல்,
24.11.2023

அன்புத் தம்பிக்கு,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வியான்னியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கணக்கைப் பார்த்தேன். மழையில் நனைந்து நூல் சுருங்கியிருக்கலாம். நூல் குறைந்தால் அட்டை கண்ணுக்குப் பக்கத்தில் வரும், தூரம் கூடுதலாகத் தெரியும். அதற்கு நீ என்ன செய்வாய்? மனதைத் தேற்றிக்கொள். மருத்துவச் செலவுக்கு என்னால் ஆனதை அனுப்பியிருக்கிறேன்.

தேர்வு வேலை இருக்கிறது. விடுமுறையில் வரப் பார்க்கிறேன்.

பிராங்க்ளின்

&nbsp;

திண்டுக்கல்,
19.1.2025

இன்னாசிக்கு,

போன ஞாயிறு வியான்னிக்குச் செயற்கைக் கால் பொருத்தியதற்காக நீங்கள் சாப்பாடு போட்டீர்கள். நானும் வந்து பந்தியில் உட்கார்ந்தேன். யாரோ அந்த அட்டையைப் பற்றிக் கேட்டார்கள். நீ எல்லார் முன்னாலும், "எங்கண்ணன் குடுத்தது நல்ல சாமான். எனக்குத்தான் பாக்கத் தெரியல" என்றாய். வியான்னி எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தான். தின்றேன்.

அன்றிலிருந்து நான் மனிதனாக இல்லை.

இன்னாசி, உன் மேல் தப்பில்லை. முடிச்சிலும் இல்லை, நூலிலும் இல்லை. நான் உயரம் பார்த்த லைட்ஹவுஸ் பட்டியலில் இரண்டு உயரங்கள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து விளக்கு வரை நாற்பது மீட்டர். அது மணல்மேட்டையும் சேர்த்தது. கோபுரம் மட்டும் இருபது மீட்டர். நீ அட்டையில் பிடிப்பது கோபுரத்தை மட்டும். நான் அவசரத்தில் நாற்பதைப் போட்டுவிட்டேன். அதனால் அட்டை எப்போதும் இரண்டு மடங்கு தூரம் காட்டியது. அது இரண்டு என்றபோது நீ ஒன்றில் இருந்தாய். வியான்னி முதல் நாளே சரியாகச் சொன்னான். அவனை நம்பாதே என்று உனக்கு எழுதியது நான்.

இது எனக்கு இப்போது தெரிந்ததல்ல. உன் நவம்பர் கடிதம் வந்த அன்றே பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான், நூல் சுருங்கியிருக்கும் என்று பொய் எழுதினேன். உனக்கு வேலை போனது, ஊர் பேசியது, நீ ஐஸ் கம்பெனியில் கட்டி சுமப்பது எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உண்மையை எழுதிவிட்டேன்.

பிராங்க்ளின்

&nbsp;

கடற்கரைத் தெரு,
2.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஐஸ் கம்பெனி வாசலில் நின்று படித்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

எண் தப்பானதில் எனக்குக் கோபம் இல்லை. யார் கைக்கும் தப்பு வரும். உன் தப்பைவிடப் பெரிய தப்பு என் செவியில் இருந்தது. பக்கத்தில் கத்தியவனை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து எழுதியவனைக் கேட்டது. வியான்னியின் காலில் எனக்கும் பங்கு உண்டு. அதை நீ முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த நூல். நீ எழுதினாய் என்று அதே நூலை வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். எடுத்து அளந்தேன். அறுபது. காயவைத்து அளந்தேன். அறுபது. ஏழு தடவை செய்தேன் அண்ணா. புஷ்பமேரி எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அவள் அப்பாவிடம் சொல்லி அழுதாள். நூல் சுருங்கவில்லை என்றால் சுருங்கியது என் மூளைதான் என்று முடிவு செய்துகொண்டேன். பதினான்கு மாதம் அப்படித்தான் வாழ்ந்தேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். நான் சொன்னால் பழியை அண்ணன் மேல் தள்ளுகிறான் என்பார்கள். நீ வா. பதினாறாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்ததும் மாமா, வியான்னி, புஷ்பமேரி மூவரும் வீட்டில் இருப்பார்கள். உன் வாயால் சொல். வரவில்லை என்றால் இனி எழுதாதே.

இன்னாசி

&nbsp;

கடற்கரைத் தெரு,
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ வந்தாய். அதற்காக இதை எழுதுகிறேன்.

நீ நின்றுகொண்டே சொல்லி முடித்ததையும், மாமா உனக்கு நாற்காலி போடாததையும் பார்த்தேன். வியான்னி, "அண்ணாச்சி, நான் அன்னைக்கே ஒண்ணுன்னு சொன்னேம்லா" என்றானே, அதற்கு நீ "ஆமாப்பா, நீ சொன்ன" என்றாய். வேறு எதுவும் சொல்லி மழுப்பாமல் இருந்தாயே, அது நல்லது. நீ பஸ் ஏறியபிறகு அவன் வெகுநேரம் அழுதான். கால் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அவன் உன்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

மூன்றாம் நாள் மாமா இன்ஜின் சாவியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் இப்போது கடலுக்குப் போகிறேன். வியான்னியும் வருகிறான், முன்னால் உட்கார்ந்து தண்ணீர் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறான், நான் திருப்புகிறேன். புஷ்பமேரி முகம் பார்த்துப் பேசுகிறாள்.

உன் மேல் பாசம் போகவில்லை. ஆனால் உன் குரலைக் கேட்கத் தெம்பில்லை. ஈஸ்டருக்கு வராதே. அடுத்த வருடமும் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நானாக எழுதும்வரை விட்டுவிடு.

அம்மா நேற்று போனில், "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களாடா அப்பு?" என்று கேட்டாள். பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டால் நீயும் அப்படியே சொல். இந்த ஒரு பொய்யை நாம் இருவரும் சேர்ந்தே சொல்லலாம்.

உன் தம்பி,
இன்னாசி