பாரை பிடிக்கிறவளின் தகப்பன்

2024 யூலை 1, திங்கள்

இன்று வாலோடு கடைக்குப் போய் வந்தேன். சாரத்தின் பின்பக்கத்தில் ஒரு தூண்டில் முள். அதில் எங்கள் சேவலின் கழுத்து இறகு கொத்தாய்க் கட்டியிருந்தது. மகள் யதுர்ஷிகா கட்டிக் கதிரையில் வைத்திருக்கிறாள். பாராமல் அதன்மேல் இருந்து எழும்பியிருக்கிறேன். முள் தோலில் ஏறாமல் சாரத்தோடு நின்றது முருகன் செயல்.

கடைக்காரன் கோகுலன்தான் முதலில் கண்டான்.

"என்ன அண்ணை, சேவலைச் சாப்பிட்டனீங்களோ, இல்லாட்டி சேவலாவே மாறிட்டீங்களோ?"

பாண் வாங்க நின்ற சனமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். இது என்ன சாமான் என்று கேட்டான். "மனுசி தூசி தட்டுற இறகு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மகள் பாரை மீனுக்குக் கட்டுகிற பொய் இரை என்று சொன்னால் வாய் வெந்துபோகுமா?

யூலை 3, புதன்

சேவல் என்னைக் கண்டால் ஓடுகிறது. இறகு பிடுங்குவது அவள். பழி எனக்கு.

யூலை 7, ஞாயிறு

நெளுக்குளத்தில் இருந்து பத்மாசனி அக்கா மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். நல்ல குடும்பம். "பிள்ளை என்ன செய்யிறா தம்பி?"

"விடுதியில ஒஃபிஸ் வேலை அக்கா. கொம்பியூட்டர்."

ஒஃபிஸ்! கொக்கிளாய்க் களப்பில், முழங்கால் தண்ணீரில், காற்சட்டையோடு நின்று, விடுதிக்கு வரும் வெளிநாட்டு ஆட்களுக்குப் பாரை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று காட்டுவதுதான் அவள் வேலை. அவர்கள் நீளக் கயிற்றைச் சாட்டை மாதிரி வீசுவார்கள். இவள் கட்டிய இறகு குஞ்சு மீன் போலத் துடிக்கும். பாரை துரத்தி வந்து விழுங்கும். பிறகு படம் எடுத்துவிட்டு, பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். இதை ஒரு சம்பந்திக்கு எப்படி விளங்கப்படுத்துவது? காலமெல்லாம் வலை போட்ட எனக்கே விளங்கவில்லை.

தேத்தண்ணீர் கொண்டு வந்தவள் கதவடியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். கோப்பையை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபின் மனுசி ஜெகதீஸ்வரி சொன்னாள்: "பொய் சொன்னதைக்கூட விடுங்கோ. அவள் கேக்கக் கேக்கவே சொன்னீங்களே!"

யூலை 9, செவ்வாய்

மகள் சேவலோடு மட்டும் கதைக்கிறாள்.

யூலை 12, வெள்ளி

படகு தள்ளுகிற நிரஞ்சனுக்குக் காய்ச்சல். காலையில் என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, இண்டைக்கு வருவீங்களே? வேற ஆக்கள் இல்லை."

வேறு ஆள் இருந்தால் கேட்டிருக்க மாட்டாள். போனேன்.

டென்மார்க்கில் இருந்து வந்த ஒரு பெரியவர். நான் பின்னால் நின்று கம்பால் படகைத் தள்ள, அவள் முன்னால் நின்று கையை உயர்த்தினாள். "மெதுவா... நிப்பாட்டுங்கோ அப்பா." இருவரும் இறங்கி மணல் திட்டில் நடந்தார்கள். அவள் கை நீட்டிய பக்கம் அவர் வீசினார். தண்ணீர் வெடித்தது. பாரை! அந்த மனிதரைக் களப்பெல்லாம் இழுத்துத் திரிந்து, கடைசியில் களைத்துப் படகடிக்கு வந்தது.

"அப்பா, ஒருக்காப் பிடியுங்கோ, படம் எடுப்பம்."

பிடித்தேன். துடித்தது. துடிக்கிற மீனுக்கு என் கை ஒரு வேலைதான் பழகியிருக்கிறது. படகில் கிடந்த கட்டையை எடுத்து மண்டையில் ஒன்று போட்டேன்.

மீன் அடங்கியது. பெரியவரும் அடங்கிவிட்டார். வயதான மனுசன், கண் கலங்கிவிட்டது. ஐயோ, என்ன வேலை பார்த்தன் நான்!

என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார். நான் இங்கிலீசு தெரியாதவன் போலக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் கூலிக்குப் பிடித்த ஆள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? அவள் மானமாவது மிஞ்சியிருக்கும்.

"ஹீ இஸ் மை ஃபாதர்" என்றாள். நிமிர்ந்து நின்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்காக மன்னிப்புக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வேறு. வீட்டுக்குள் மீன் மச்சம் ஏற்ற முடியாது. பிடித்தவருக்கும் வேண்டாம், அடித்தவனுக்கும் வேண்டாம் - அப்படி ஒரு மீனைக் கொன்ற பெருமை எனக்கு. கோகுலனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வலையில பட்டதோ அண்ணை?"

ஓம் என்று வாய்வரை வந்தது. "இல்லையடாப்பா. மகள் காட்டிக் குடுத்துப் பிடிச்சது. அண்டைக்கு என்ர சாரத்தில கிடந்துதே, அந்த மாதிரி இறகாலதான்."

அவன் சிரிப்பான் என்று நின்றேன். மீனைத் தூக்கிப் பாரம் பார்த்தான். "அந்த இறகாலயோ?" என்று மட்டும் கேட்டான்.

யூலை 21, ஞாயிறு

பத்மாசனி அக்கா போன் எடுத்தார். சாதகம் பொருந்துதாம்.

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது பொய். பிள்ளை ஒஃபிஸில இல்லை. களப்புக்க இறங்கி நிண்டு, வாற ஆக்களுக்குப் பாரை காட்டிக் குடுக்கிறா."

"ஆம்பிளையளோடயோ?"

"பாரையோட அக்கா."

"இவரோட கதைச்சிட்டு எடுக்கிறன் தம்பி." எடுக்க மாட்டார்.

திரும்பினால் குசினி வாசலில் யதுர்ஷிகா.

"வைச்சிட்டாவோ?"

"வைச்சிட்டா பிள்ளை."

"பாரையோட!" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க, "நாளைக்கு நிரஞ்சன் வருவான்தான். எண்டாலும் நீங்களும் வாறீங்களே? கட்டையை மட்டும் வீட்டில வைச்சிட்டு வாங்கோ" என்றாள்.

ஓம் என்றேன். அன்று அந்தப் பெரியவருக்கு அவள் சொன்ன இங்கிலீசு எனக்கு விளங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.