மச்சினனின் பறக்கும் வண்டி

12-2-1984, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. குன்னத்தில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சினன், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பாராசூட்டோடு சேர்த்துப் பறக்கிற வண்டி ஒன்று செய்திருக்கிறான். இன்று போய்ப் பார்த்தேன். வெல்டிங்கில் ஒரு பிசிறு இல்லை. விசிறியை ஒரே மரத்தில் செதுக்கியிருக்கிறான். பாராசூட்டில் அத்தனையும் இரட்டைத் தையல். வாயாரப் புகழ்ந்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் நானே விளக்கினேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் சிரிச்சாங்க மாமா. நம்புனது நீங்க ஒருத்தர்தான். நாளைக்குக் காலையில நீங்கதான் மொதல்ல பறக்கணும்." கூட்டம் கைதட்டியது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "தம்பி ஆசையா கேக்குறான், ஒரு சுத்து போயிட்டு வந்துடுங்க" என்கிறாள்.

ஆளை சீட்டோடு கட்டுகிற பெல்ட் மட்டும் லூசாக இருந்தது. அவன் மனசு கஷ்டப்படுமே என்று அதையும் பிரமாதம் என்று சொல்லித் தொலைத்தேன்.